முதல் ஓவரிலேயே வேகம் வர வார்ம் அப் உதவுமா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 24. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு டீமில் வேகப்பந்து போடுகிறீர்கள். வாரம் ஒரு மேட்ச், ஸ்டிச் பால் (தையல் போட்ட தோல் பந்து). முதல் இரண்டு ஓவரும் பந்து கீப்பரிடம் தொய்ந்து போகிறது, மூன்றாவது ஓவரில்தான் உடம்பு வழிக்கு வருகிறது, அதற்குள் கேப்டன் ஆளை மாற்றிவிடுகிறார். கனமான பந்தைப் போட்டு வார்ம் அப் செய்தால் பத்து கிலோமீட்டர் கூடும் என்று நண்பர் சொல்கிறார். வேகம் அளக்கும் போன் ஆப்பில் மணிக்கு 108 கிலோமீட்டர் காட்டுகிறது. எந்தெந்த வார்ம் அப் பயிற்சி செய்தால் வேகம் கூடும் என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வேகத்தை முதல் பந்திலேயே எடுப்பது எப்படி என்பது ஒன்று. இல்லாத வேகத்தை உண்டாக்குவது எப்படி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வார்ம் அப் நேரான பதில். இரண்டாவதற்கு வார்ம் அப்பில் பதிலே கிடையாது, அது மாதக்கணக்கில் செய்யும் வேலை. மூன்றாவது ஓவரில் வேகம் வருகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது முதல் பதில்தான். அதில்தான் சீக்கிரம் பலனும் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் 22 வருடமாக உடற்கல்வி ஆசிரியர். கல்லூரி நாட்களில் நானும் வேகப்பந்து போட்டவன். பயிற்சி கொடுத்தது பெரும்பாலும் பள்ளிப் பையன்களுக்கும், உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்களுக்கும். மருத்துவன் அல்ல. நீங்கள் பந்து போடுவதைப் பார்த்ததும் இல்லை. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தசை சூடானால் வேகமாகச் சுருங்கும். தசையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், ஓடுவது, குதிப்பது, எறிவது போன்ற வெடிப்பான வேலைகளில் இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் வரை சக்தி கூடுவதாகப் பல ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. நீங்கள் மூன்றாவது ஓவரில் உணர்வது இதைத்தான். முதல் இரண்டு ஓவரையே வார்ம் அப்பாகப் பயன்படுத்துகிறீர்கள், அதை பேட்ஸ்மேன் செலவில் செய்ய முடியாமல் உங்கள் டீம் செலவில் செய்கிறீர்கள். சூடு மட்டும் காரணமல்ல. ரன்அப்பின் (பந்து போட ஓடி வருவதன்) தாளம், கால் எங்கே விழுகிறது, எந்த நொடியில் கையை விடுவது என்பதையெல்லாம் உடம்பு அன்றன்றைக்குப் புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வெறுமனே ஓடிச் சூடாக்கினால் பாதி வேலைதான் முடியும். மீதி பாதி, முழு வேகத்தில் பந்து போட்டுப் பார்ப்பது.

எங்கள் காலத்தில் மைதானத்தை மூன்று ரவுண்டு ஓடுவோம், வட்டமாக உட்கார்ந்து காலை நீட்டி விரலைத் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே இருப்போம், அப்புறம் கையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடுவோம். நானே பல வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தசையை 60 நொடிக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அடுத்த கொஞ்ச நேரத்துக்கு அதன் வலு சில சதவீதம் குறைகிறது என்பது இப்போது உறுதியாகத் தெரிந்த விஷயம். அரை நிமிடத்துக்குள் முடித்து, உடனே ஓட்டமும் அசைவும் செய்தால் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஆகவே ஸ்ட்ரெச்சிங்கே கூடாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நீண்ட ஸ்ட்ரெச்சிங்கை இரவு சாப்பிடுவதற்கு முன்பு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் செய்யச் சொல்வது மொத்தம் 20, 25 நிமிடம். முதல் நாலைந்து நிமிடம் மெதுவான ஓட்டம். நேராக மட்டும் ஓடாமல் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் ஓடுங்கள். நெற்றியில் வியர்வை துளிர்த்ததும் போதும். அப்புறம் ஏழெட்டு நிமிடம் அசைவோடு கூடிய நீட்டல். வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுவது, பிறகு குறுக்கே வீசுவது, ஒவ்வொரு காலுக்கும் பத்துப் பத்து. நீளமாக ஒரு எட்டு வைத்து, முழங்காலை மடக்கி இறங்கி, முன்கால் பக்கம் உடம்பைத் திருப்புவது. இது பவுலருக்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் கிரீஸில் (பந்து விடும் கோட்டில்) நீங்கள் செய்வதும் ஏறக்குறைய இதே அசைவுதான். குழந்தை தவழ்வது போல் முட்டு போட்டு நின்று, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, முழங்கை வானத்தைப் பார்க்கும்படி மேல்முதுகைத் திருப்புவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது. தண்டால் நிலையில் கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகளை மட்டும் சேர்த்துப் பிரிப்பது. கெண்டைக்காலுக்கு நுனிக்காலில் ஏறி இறங்குவது.

அதற்குப் பிறகு 20 மீட்டர் ஓட்டம் நாலு. முதலாவது பாதி வேகம், கடைசி ஏறக்குறைய முழு வேகம். இதை நம் ஊர் டீம்களில் யாருமே செய்வதில்லை. அறுபது சதவீதத்தில் ஓடிப் பழகிய கால், முதல் பந்துக்கு முழு வேகத்தில் ஓடும்போது திகைக்கிறது. கடைசியாகப் பந்து: நின்ற இடத்திலிருந்து நாலைந்து, பாதி ரன்அப்பில் ஐந்தாறு, முழு ரன்அப்பில் ஆறு. அந்தக் கடைசி ஆறில் குறைந்தது இரண்டு பந்தையாவது, மேட்சில் போடும் அதே வெறியோடு போட்டிருக்க வேண்டும். மேட்ச் பிட்சில் போட விடமாட்டார்கள், பக்கத்துத் தரையில் ஒரு கல்லை ஸ்டம்பாக வைத்துப் போடுங்கள். இவ்வளவையும் முடித்தபின் முதல் ஓவருக்கு ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

இந்த இடைவெளி விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்பது மணி மேட்சுக்கு எட்டேகாலுக்கு வார்ம் அப் முடித்துவிட்டு, டாஸ் தாமதம், அம்பயர் வரவில்லை, மேட் விரிக்கவில்லை என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். கால்பந்தில் 15 நிமிட இடைவேளையில் சும்மா உட்கார்ந்தவர்களுக்குத் தசைச் சூடு ஏறக்குறைய இரண்டு டிகிரி இறங்கி, ஓட்ட வேகமும் குறைந்ததை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீங்கள் முதல் மாற்றமாக, ஏழாவது எட்டாவது ஓவரில் பந்து போடுகிறவராக இருந்தால் இது இன்னும் மோசம். ஃபைன் லெக்கில் நிற்கும்போது ஒவ்வொரு ஓவர் முடிவிலும் பத்து மீட்டர் வேகமாக ஓடித் திரும்புங்கள், காலை வீசுங்கள், தோளைச் சுற்றுங்கள். எந்த ஓவரில் பந்து தருவீர்கள் என்று கேப்டனிடம் முன்பே கேட்டுவைத்து, இரண்டு ஓவருக்கு முன்னால் மிட்-ஆஃப்பில் நிற்பவரிடம் பந்தை எறிந்து பழகுங்கள்.

நம் ஊர் வெயிலில் வார்ம் அப் எதற்கு, நின்றாலே வேர்க்கிறதே என்று கேட்பார்கள். சித்திரையில் 38, 39 டிகிரியில் தோல் சூடாவது உண்மை. ஆழத்தில் இருக்கும் தொடைத் தசை வேலை செய்தால்தான் சூடாகும், பவுலிங் தாளமும் வெயிலால் வந்துவிடாது. ஆனால் அந்த மாதங்களில் முதல் ஓட்டத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்து, நீட்டல் எல்லாவற்றையும் வேப்ப மர நிழலில் செய்யுங்கள். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ முன்கூட்டியே குடித்துவிடுங்கள். மார்கழிக் காலையில் நேர்மாறாக, ஓட்டத்தை இரண்டு மடங்காக்குங்கள்.

இனி சந்தேகத்துக்குரியவை. உங்கள் நண்பர் சொன்ன கனமான பந்து. ஸ்டிச் பாலின் எடை 156லிருந்து 163 கிராம். அதைவிடக் கனமானதையும் லேசானதையும் மாற்றி மாற்றிப் போட்டால் வேகம் கூடுமா என்று கிரிக்கெட்டில் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லாம் சிறியவை, முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவை பெரும்பாலும் வாரக்கணக்கில், கண்காணிப்போடு செய்த பயிற்சிகள், மேட்ச் அன்று காலையில் பத்துப் பந்து போட்டுவிட்டு இறங்குவது அல்ல. கனமான பந்துக்குப் பிறகு சாதாரணப் பந்து லேசாகத் தோன்றும், அது கையில் வரும் உணர்வு மட்டும். அந்த உணர்வு கிலோமீட்டராக மாறுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, பந்து விடும் நேரம் குழம்பி வைட் போகும் அபாயம் உண்டு. பந்து போடுவதற்குச் சற்று முன்பு உயரக் குதித்தால் தசை உசுப்பேறும் என்பார்களே, அது நன்றாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு ஓரளவு வேலை செய்கிறது. பழகாதவர்களுக்குக் களைப்புதான் மிஞ்சும். என்னிடம் வரும் பையன்களுக்கு நான் இரண்டையும் சொல்வதில்லை.

அந்த 108 பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரீஸிலிருந்து எதிர்க் கிரீஸ் வரை 17.68 மீட்டர். வீடியோவில் பந்து கிளம்பும் படத்தையும் போய்ச் சேரும் படத்தையும் நீங்கள் தொட்டுக் காட்ட, நடுவே ஆன நேரத்தை வைத்து ஆப் கணக்குப் போடுகிறது. போன் சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம் எடுக்கிறது. உங்கள் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.6 நொடி, அதாவது 18 படம். ஆரம்பத்தையோ முடிவையோ ஒரே ஒரு படம் தள்ளித் தொட்டாலும் ஆறு கிலோமீட்டர் மாறிவிடும். ஸ்லோமோஷனில் 240 படம் எடுத்தால் அதே பிழை ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும். இன்னொன்று, ஆப் காட்டுவது வழிநெடுகச் சராசரி. 2003 உலகக் கோப்பையில் கேப் டவுனில் ஷோயப் அக்தருக்குக் காட்டிய 161.3 என்பது கையை விட்டுக் கிளம்பிய வேகம். காற்றின் எதிர்ப்பில் பந்து போகப்போக வேகம் குறையும், ஆகவே உங்கள் எண்ணை டிவி எண்ணோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே மைதானம், ஒரே முனை, பிட்ச் ஆகாத ஃபுல் டாஸாக ஆறு பந்து. ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் நாட்களில் எடுத்த எண்ணை மற்ற நாட்களோடு சேர்க்காதீர்கள், முதுகில் காற்று வாங்கிப் போட்டால் கணக்கு மாறும். டென்னிஸ் பாலில் அது இன்னும் அதிகம், எடை குறைவல்லவா. இப்படி முதல் ஓவரையும் மூன்றாவது ஓவரையும் நாலு வாரம் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சுருங்கினால் வார்ம் அப் தன் வேலையைச் செய்துவிட்டது.

சரி, இல்லாத வேகம்? 2013இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் அந்நாட்டின் 20 உயர்நிலை வேகப்பந்து வீச்சாளர்களை அளந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ரன்அப் வேகம், முன்கால் (பந்து விடும்போது முன்னால் ஊன்றும் கால்) முழங்கால் எவ்வளவு நேராக நிற்கிறது, முன்கால் விழுந்தபின் உடம்பு எவ்வளவு முன்னால் மடிகிறது, பந்து போடும் கை எவ்வளவு பின்தங்கி வருகிறது, இந்த நாலும் சேர்ந்து ஆளுக்கு ஆள் உள்ள வேக வித்தியாசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை விளக்கிவிட்டன. அது தேர்ந்த வீரர்களிடம் கண்டது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓடி வரும் உடம்பை முன்கால் சட்டென்று நிறுத்தினால்தான் மேலுடம்பு வீசப்படும் என்ற அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான். பும்ரா கொஞ்ச தூரம்தானே ஓடுகிறார் என்று கேட்பீர்கள். அவருடைய முன்கால் விழும்போது கம்பு மாதிரி நிற்பதைப் பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிடக் குளத்தில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். பிசான நெல் அறுப்பு முடிந்து, குளம் வற்றியதும் நம் பக்கத்தில் அதுதானே கிரவுண்டு. ஒரு வருடம் அப்படி வற்றிய குளத்தில் இரண்டு பையன்கள் போட்டார்கள். ஒருவன் ஆறடி, நல்ல தோள். இன்னொருவன் ஒல்லி. ஒல்லியானவன்தான் வேகம். ஓவர் முடிந்து கிரீஸில் குனிந்து வண்டல் மண்ணைப் பார்த்தேன். ஒல்லிப் பையனின் முன்கால் தடம், குதிகால் பக்கம் ஆழமாக, விளிம்பு உடையாத குழி. ஆறு பந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே இடம். உயரமானவனின் தடம் ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டிருந்தது, நுனியில் மண் குவிந்திருந்தது. அவன் முழங்கால் மடங்கி, கால் வழுக்கி, ஓடி வந்த வேகமெல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது. அவன் காலில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ. கால் வழுக்கும் என்று தெரிந்த உடம்பு முழங்காலை நேராக வைக்கத் துணியாது. வேறு எதையும் மாற்றாமல், அடுத்த வாரம் ஸ்பைக் ஷூ ஒன்றைக் கடன் வாங்கிப் போடச் சொன்னேன். தடம் சுருங்கியது, கீப்பர் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார். எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக நடக்காது. ஆனால் மேட்டிங் இல்லாத தரையில் ஆடினால் உங்கள் தடத்தை முதலில் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை.

ஒரு எச்சரிக்கை: முழங்காலை வேண்டுமென்றே விறைத்துப் போடப் பழகாதீர்கள். முன்கால் விழும் அந்தக் கணத்தில் தரையிலிருந்து வரும் விசை உடல் எடையைப் போல் ஐந்தாறு மடங்கு இருக்கும். அதைத் தாங்கும் தொடையும் பிட்டமும் இடுப்பும் முதலில் வேண்டும். வாரம் இரண்டு நாள், ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் காலில் இறங்கி ஏறுவது, புல்-அப், வயிற்றுக்கு பிளாங்க் வகைகள். ஜிம் இல்லாவிட்டால் அரிசிச் சாக்கும் வீட்டுப் படியும் ஆரம்பத்துக்குப் போதும். மேட்சுக்கு முந்தின நாள் கால் பயிற்சி வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எத்தனை கிலோமீட்டர் கூடும் என்று எண் சொல்கிறவரை நம்பாதீர்கள், அது உங்கள் உடம்பும் இப்போதைய ஆக்‌ஷனும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

கீழ்முதுகு விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். 17 வயதுப் பையன், வலது கைப் பந்து, இடது பக்கக் கீழ்முதுகில் வலி என்றான். பின்னால் வளைந்தால் சுருக்கென்று குத்துகிறது என்றான். பிடிப்பாக இருக்கும், தைலம் போட்டு ஸ்ட்ரெச் பண்ணு என்று சொல்லி ஆறு வாரம் பந்து போட விட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் எனக்கு இன்னும் தைரியம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகெலும்பில் கீறல் முறிவு. ஒரு சீசன் முழுக்க அவன் உட்கார வேண்டியதாயிற்று. பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம், பின்னால் வளைந்தால் கூடும் வலி, இது வேகப்பந்து வீச்சாளருக்கு, அதுவும் வளரும் வயதில், எலும்பு முறிவின் அடையாளம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே அதைக் காட்டாமல் போகலாம். உங்களுக்கு அப்படி ஒரு வலி இருந்தால் நான் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பந்தைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள், வேகப்பந்து போடுகிறவன் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

வலி இல்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். ஒரு நண்பரை பவுலிங் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில், நாலைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து, போனை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடித்து, ஸ்லோமோஷனில் முதல் ஓவரில் மூன்று பந்தும் மூன்றாவது ஓவரில் மூன்று பந்தும் எடுக்கச் சொல்லுங்கள். முன்கால் தரையைத் தொடும் படத்தில் நிறுத்தி முழங்காலையும், அந்த நேரத்தில் பந்து பிடித்த கை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டு ஓவருக்கும் அதில் வித்தியாசம் தெரிந்தால் அந்த ஆறு வீடியோவையும் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.